சல்லடையும் சேவற்கொண்டையும்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே ஒரே ஒரு பேட்டர்னை வைத்து, அடுக்கு முழுவதையும் ஒரே வெட்டில் அறுத்துவிடுவார்கள். மேலடுக்குக்குப் பொருந்தியது கீழடுக்குக்கும் பொருந்தும் என்பதில்தான் அந்த வேலையே நிற்கிறது. மண்டையோட்டில் இந்தக் கணக்கு செல்லாது. ஒருவரின் மூக்குக் கூரை இன்னொருவருடையதைப் போல இருப்பதில்லை. ஒரே முகத்தில் இடமும் வலமுமேகூடப் பல சமயம் ஒத்துப்போவதில்லை. எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் சைனஸ் அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூக்கின் கூரைக்கு மேலே மூளை. இடையில் இருப்பது துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய எலும்பு. வாசனை நரம்புகள் அதன் வழியாகவே இறங்குகின்றன. அந்த இடம் எவ்வளவு ஆழம் குழிந்திருக்கிறது என்பதை 1962இல் கெரோஸ் என்பவர் மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர், 4 முதல் 7, 8 முதல் 16. சி.டி. கருவி ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகப் படம்பிடித்தது 1971இல். இறந்தவர்களின் எலும்பில் கெரோஸ் கண்ட வகையை இன்று உயிரோடிருப்பவரின் தலையிலேயே அளந்துகொள்ள முடிகிறது. குழி ஆழமாக ஆக, அதன் பக்கச்சுவர் உயர்ந்து கருவியின் பாதையில் வந்து நிற்கிறது. அச்சுவரின் கனம் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் நேவிகேஷன் இயந்திரங்களோ 1 அல்லது 2 மில்லிமீட்டர் விலகக்கூடியவை. எனவே, இயந்திரத்தைக் காட்டிலும், முதல்நாளே உட்கார்ந்து படத்தை வரிவரியாக வாசித்த கண்களைத்தான் நாம் நம்ப விரும்புகிறோம்.

இது மருத்துவர் காரியம், இலக்கிய வாசகருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறோம். அந்தப் படத்துக்குரிய அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. பஞ்சுத் தூசியில் நாள் முழுதும் நின்று, தும்மலையும் மூக்கடைப்பையும் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்ட தொழிலாளி அதைப் பையில் சுமந்துவந்து நீட்டுகிறார். பிறகு ஒப்புதல் படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறார். தன் முகத்தின் வரைபடத்தில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்தச் சொற்கள் எல்லாம் வீட்டுச் சொற்கள்! கிரிப்ரிஃபார்ம் என்றால் சல்லடை போன்றது. கிறிஸ்டா காலி, சேவற்கொண்டை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள லாமினா பாப்பிரேசியா, காகிதம் போன்ற தகடு. பழைய உடற்கூற்றியலாளர்கள் கையருகே இருந்த பொருள்களைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீன் போர்வையை விலக்கினால் அடுப்பங்கரையும் கோழிக்கூடும் தெரிகின்றன. நம் கலைச்சொல் ஆர்வலர்கள் இவற்றுக்கு இன்னும் கடினமான தனித்தமிழ்ச் சொற்களைத் தேடும்போது நமக்குச் சற்று ஆயாசமாகவே இருக்கிறது.

"உங்களுக்கு வலப்பக்கச் சல்லடை தாழ்ந்திருக்கிறது, அங்கே கவனமாகப் போவோம்; பிறகு குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் உடனே வாருங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதைச் சளியென்று எண்ணி, தையல் மெஷின் முன் குனிந்து வேலை பார்ப்பவருக்கு மூளைக்காய்ச்சல் வர வழி உண்டு. விவரம் சொன்னால் பயந்துவிடுவார்கள், கூட்டத்தில் நேரமும் இல்லை என்பார்கள். நேரமில்லை என்பது உண்மை. பயம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. கழுத்துப்பட்டி அளவு சற்றே பிசகினாலும் செக்கிங்கில் தள்ளிவிடுகிறவருக்கு மில்லிமீட்டர் புரியாதா?

தமிழில் மட்டும் எழுதினாலும் இந்த ஊருக்குப் போதாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதே மேசைகளில் நிற்கிறார்கள். இந்தியும் ஒடியாவும் வேண்டும். திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மாணவர்கள் அரைப்பக்கத்தில் ஒரு முகம் வரைந்து, நான்கைந்து சொற்களை மூன்று மொழிகளில் எழுதி ஸ்கேன் உறையோடு வைக்கலாம். மொழிபெயர்ப்பிலும் மெய்ப்பு பார்ப்பதிலும் இலக்கிய நண்பர்கள் கைகொடுக்கலாம். சல்லடைக்கும் காகிதத்துக்கும் அகராதி தேவைப்படாது. சற்று உள்ளே தள்ளி, பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் 'துருக்கியச் சேணம்' ஒன்றுக்குத்தான் வேறு பெயர் யோசிக்க வேண்டியிருக்கும்.