கூண்டுப் பறவையா, காட்டுப் பறவையா?

ஐப்பசி மாதத்து இரவுமழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், பதுளையை அடுத்த தோட்டமொன்றின் லயத்துக்குப் பின்னால் பிள்ளைகள் ஆரவாரித்துக்கொண்டிருந்தனர். அருகே சென்று பார்த்தோம். கறிவேப்பிலைச் செடியின் அடியில், பச்சை முதுகும் சிறகில் நீலத் திட்டும் செந்நிற அடிவயிறும் கொண்ட குட்டைவாற் பறவை ஒன்று ஒதுங்கி நின்றது.

"ஐயா, பங்களாக் கூண்டிலயிருந்து தப்பி வந்த குருவிங்க!" என்றான் ஒரு சிறுவன். அவன் கையில் கொழுந்துக் கூடையொன்று கவிழ்ப்பதற்கு ஆயத்தமாக இருந்தது.

"சற்றுப் பொறு, தம்பி" என்று தடுத்து, எட்ட நின்று படம் பிடித்தோம்.

இத்தகைய படத்தில் முதலில் நோக்க வேண்டியவை கால்கள். கூண்டில் பிறந்த குஞ்சுக்கு இணைப்பற்ற வளையம் மாட்டுவது வளர்ப்போர் பலரின் வழக்கம். ஆய்வாளர் இடும் வளையமோ எண் பொறித்தது; வளைத்து மூடிய பிளவு அதில் தெரியும். அடுத்து, கம்பியில் உராய்ந்து தேய்ந்த வால், வெட்டுண்ட சிறகு, மிகையாய் வளர்ந்த நகம் ஆகியவற்றைத் தேடவேண்டும். எனினும் ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. இறகுதிர்க்கும் காலத்தில் காட்டுப் பறவையும் அலங்கோலமாய்த் தோன்றும்; நெடும்பயணத்தில் களைத்த பறவையும் ஆளைக் கண்டு அஞ்சாது நிற்கும். ஆகவே காலமும் இடமும் சாட்சி சொல்லவேண்டும்.

நாம் கண்ட பறவையின் காலில் வளையமில்லை. சிறகுகள் பழுதின்றி இருந்தன. சருகைப் புரட்டித் தானே புழுவைத் தேடிற்று. மாதமோ ஒக்டோபர். ஐயம் நீங்கிற்று, அது ஆறுமணிக்குருவி! இமயத்தின் அடிவாரங்களிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பது அதன் இயல்பு. இரவிலே பறந்து வருவதால், களைத்துப்போய் வீட்டு முற்றங்களில் இறங்குவதுமுண்டு.

இதற்கு மாறாக, 'லவ் பேர்ட்ஸ்' என்று நம் வீடுகளில் வளர்க்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளி பசறை வீதியின் கம்பியில் அமர்ந்திருந்தால், அது தப்பியதென்றே கொள்ளலாம். கடல் கடந்து ஊவாவுக்கு வரும் வழக்கம் அதற்கில்லை.

கூண்டுப் பறவையைக் காட்டுப் பறவையென்று குறித்தால் ஏட்டில் பொய் ஏறும். காட்டுப் பறவையைக் கூண்டுப் பறவையென்று பிடித்தாலோ ஓர் உயிர் சிறைப்படும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளுக்குக் காவலாய் உள்ளதென்பதையும் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் கேட்ட சிறுவன் கூடையைக் கீழே வைத்தான். "அப்படின்னா நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிங்களா?" என்றான்.

அன்று மாலை ஆறு மணியளவில் ஓடைக்கரைப் புதரிலிருந்து சீழ்க்கையொலி எழுந்தது. அதை முதலில் கேட்டு நமக்குச் சொன்னவனும் அவனே.

மாணவர்களே, புதிய பறவையைக் கண்டால் முதலில் படமெடுங்கள். நாளையும் இடத்தையும் குறியுங்கள். கூடையைத் தேடி ஓடாதீர்கள்.