‘11 மாதம்’ கணக்கில் மறைந்த ஐந்தில் ஒருவர்... புற்றுநோய் குணமானதை கணிதம் எப்படிச் சொல்கிறது?

"டாக்டர், இன்னும் எவ்வளவு காலம்?" - புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி இதுதான். பதிலாக வருவது பெரும்பாலும் ஒரே ஒரு எண். அந்த எண் தவறு இல்லை. ஆனால், சில புற்றுநோய்களில் அது எந்த நோயாளிக்கும் சரியாகப் பொருந்தாத எண்ணாக இருக்கலாம். எப்படி?

11.4 மாதம் என்றால் என்ன?

உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட மெலனோமா எனும் தோல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதற்கான 'இபிலிமுமாப்' என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. புற்றுநோயை நேரடியாகத் தாக்காமல், நோய் எதிர்ப்பு செல்களைத் தடுத்து நிறுத்தும் 'பிரேக்'கை விடுவிப்பதுதான் இந்த மருந்தின் வேலை.

இந்த மருந்து கொடுக்கப்பட்ட 1,861 பேரின் விவரங்கள், 12 ஆய்வுகளிலிருந்து தொகுக்கப்பட்டு 2015-ல் வெளியாகின. அவர்களின் மீடியன் ஆயுள் 11.4 மாதம். அதாவது, 100 பேரில் 50 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 50 பேர் அதைத் தாண்டினார்கள். அவ்வளவுதான் அர்த்தம். 'எல்லோருக்கும் 11 மாதம்தான்' என்பதல்ல.

அந்த 50 பேருக்கு என்ன ஆனது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் அளவைக் காட்டும் கோடு முதலில் வேகமாக இறங்குகிறது. மூன்றாம் ஆண்டு வாக்கில் சுமார் 21 சதவீதத்துக்கு வந்ததும், இறங்குவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சிலர் 10 ஆண்டுகள் வரை கண்காணிக்கப்பட்டார்கள். அப்போதும் கோடு பெரிதாக இறங்கவில்லை.

ஒரு கூட்டம் அல்ல, இரண்டு கூட்டம்

இப்படிப்பட்ட கோட்டைப் புரிந்துகொள்ள உதவுவதுதான் 'க்யூர் மாடல்', அதாவது குணமடைதல் மாதிரி. இது புதிய யோசனை இல்லை. 1949-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. போக், 1952-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பெர்க்சன், கேஜ் ஆகியோர் இதற்கு அடித்தளம் போட்டார்கள்.

யோசனை எளிமையானது. நோயாளிகள் எல்லோரும் ஒரே கூட்டம் என்று நினைக்காதீர்கள். அந்த நோயால் இனி இறக்க வாய்ப்பில்லாதவர்கள் ஒரு கூட்டம், ஆபத்து தொடர்பவர்கள் இன்னொரு கூட்டம். யார் எந்தக் கூட்டம் என்று ஆரம்பத்தில் தெரியாது. ஆனால், முதல் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை கோட்டின் வடிவத்தை வைத்து கணக்கிடலாம்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேரில் 20 பேர் நீண்டகாலம் வாழ்பவர்கள், 80 பேர் ஆபத்தில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 80 பேரில் பாதி, அதாவது 40 பேர் இறக்கும்போது மொத்தத்தில் 60 பேர் உயிரோடு இருப்பார்கள். மொத்தத்தில் பாதியாகக் குறையும் 11 மாதத்துக்கு முன்பே இது நடந்துவிடும். ஆக, ஆபத்தில் இருப்பவர்களின் மீடியன் 11 மாதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கோ பல ஆண்டுகள். '11' என்பது இரண்டு கூட்டத்துக்குமே சொந்தமில்லாத எண்!

இன்னொன்றையும் கவனியுங்கள். சிகிச்சை தொடங்கும்போது நீண்டகாலம் வாழ்வதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. 11 மாதத்தைத் தாண்டிய 50 பேரில் அந்த 20 பேரும் இருக்கிறார்கள். எனவே, அதைத் தாண்டியவருக்கு வாய்ப்பு ஐந்தில் இரண்டு. முதல் நாள் சொன்ன எண்ணையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

'குணம்' என்று எப்போது சொல்லலாம்?

உடலில் ஒரு புற்றுநோய் செல்கூட இல்லை என்று இந்தக் கணக்கு சொல்வதில்லை. அதே வயதில் உள்ள மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்கு இவர்களின் இறப்பு ஆபத்தும் குறைந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறது. இது ஒரு கூட்டத்தைப் பற்றிய தகவல். தனி நபருக்கான உத்தரவாதம் அல்ல.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. ஹார்மோனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுநோய் 20 ஆண்டுகள் கழித்துக்கூட திரும்பி வரலாம் என்பது 62,000-க்கும் அதிகமான பெண்களின் தரவுகளில் 2017-ல் உறுதியானது. அங்கே ஐந்து ஆண்டு தரவை வைத்து 'குணமாகிவிட்டது' என்று சொன்னால் ஆபத்து. அதேபோல், கண்காணிப்புக் காலம் குறைவாக இருந்தாலும், கோட்டின் கடைசியில் சில நோயாளிகளே மிஞ்சியிருந்தாலும், கோடு பொய்யாக நேராகத் தெரியும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும்?

பணமும் வாழ்க்கையும் இதில் சிக்கியிருக்கின்றன. சிறுவர்களின் ரத்தப் புற்றுநோய்க்கான 'கிம்ரியா' என்ற கார்-டி செல் சிகிச்சையை 2018-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஆராய்ந்தபோது, க்யூர் மாடல்கள் முக்கிய பங்கு வகித்தன. குணமாகிறவர்களின் அளவைக் கூட்டிப் போட்டால் அரசு அளவுக்கு மீறி பணம் கொடுக்கும். குறைத்துப் போட்டால் பிழைக்க வேண்டிய குழந்தைக்கு மருந்து கிடைக்காது. அதனால், கூடுதல் தரவு சேகரிக்கும் நிபந்தனையோடு, தனி நிதி மூலம் அதற்கு வழிவிட்டார்கள்.

வீட்டுக் கடனிலும் இதே கேள்விதான். பிரான்சில் 2022 சட்டப்படி, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தால், கடனுக்கான காப்பீட்டில் பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலி 2023-ல் இதை 10 ஆண்டுகள் என்று நிர்ணயித்தது. 21 வயதுக்கு முன் நோய் வந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகள்.

எனவே அடுத்த முறை ஒரு மாதக் கணக்கைச் சொன்னால், மருத்துவரிடம் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது எத்தனை ஆண்டுகள் கண்காணித்துச் சொன்ன எண்? இந்தப் புற்றுநோயில் கோடு எங்காவது நேராகிறதா? இதுவரை கடந்து வந்த காலத்தைக் கணக்கில் எடுத்தால், இன்றைய நிலையில் வாய்ப்பு என்ன?