வெள்ளைபடுதலும் வீண்பழியும்

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மில் ஷிப்டிலும் நடவு வயலிலும் நிற்கும் நம் பெண்கள் இந்தக் கோளாறை வெளியே சொல்ல முடியாமல் புழுங்குகிறார்கள். சொன்னாலோ, "உடம்புச் சூடு" என்பார்கள். "எலும்பு உருகுகிறது" என்பார்கள். பெண்டாட்டியின் நடத்தையையே சந்தேகிக்கும் புருஷன்மாரும் உண்டு.

விஷயம் என்ன? ஓரளவு வெள்ளைபடுவது இயற்கை. சாம்பல் நிறமாய், நீர்த்து, மீன் கவிச்சி போல வாடை அடித்தால் அது கோளாறு. பெண்ணின் பிறப்புறுப்புக்குள் லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்க வைப்பவற்றுக்கு இவை உறவு. இவை அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைப் புளிப்பாக வைத்திருக்கும்வரை மற்ற கிருமிகள் தலையெடுக்க முடியாது. இந்தக் காவல் குறைந்தால் கார்ட்னரெல்லா முதலிய கிருமிகள் பல்கிப் பெருகும். வாடை அவற்றின் வேலைதான். எலும்பு எதுவும் உருகுவதில்லை.

அழுக்குதான் காரணம் என்பதும் தவறு. வாடைக்குப் பயந்து உள்ளே சோப்பும் மருந்துத் தண்ணீரும் விட்டுக் கழுவினால் காவல் கிருமிதான் முதலில் சாகும். வெளியே வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

மாத்திரை சாப்பிட்டால் தீருகிறது. சில மாதத்தில் திரும்பி வருகிறது. குற்றம் மறுபடி பெண்ணின் தலையில்! 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஒருவரோடு ஒருவர் மட்டுமே வாழும் 164 ஜோடிகளை எடுத்துக் கொண்டார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் 12 வாரத்துக்குள் நூற்றுக்கு 63 பேருக்குக் கோளாறு திரும்பியது. ஆணுக்கும் 7 நாள் மாத்திரையும் களிம்பும் கொடுத்த பிரிவில் 35 பேருக்குத்தான். ஆணின் தோலிலும் இந்தக் கிருமிகள் தங்குகின்றன. அவனுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தெரியாததால்தானே இத்தனை காலம் நியாயம் பேசினான்!

கர்ப்பிணிக்கு இது வந்தால் குறைமாதப் பிரசவ அபாயம் கூடுகிறது. ஆகவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடக் கூடாது. சந்தையில் விற்கும் சூட்டு லேகியத்துக்குக் கூலியைக் கொட்டவும் வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புருஷனும் கூடப் போகட்டும். தனக்கும் மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் அவனே வாய் திறந்து கேட்கட்டும்.