பொன்னின் பெறுமதியும் சாரதியின் பெறுமதியும்

தமிழ்க் குடும்பத்தில் பொன் வெறும் அணிகலன் அன்று. பூப்புனித நீராட்டு விழாவில் தொடங்கித் தாலிக்கொடி வரை, அது உறவையும் மதிப்பையும் அளக்கும் கோலாகவே இருந்து வருகின்றது. ஊரை விட்டு வெளியேறிய நாட்களில் பல குடும்பங்களின் கையில் எஞ்சிய கடைசிச் சேமிப்பும் அதுவே. இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ பாரிசின் லாச்சப்பலிலோ நகைக்கடைக் கண்ணாடியின் முன் நிற்கும் பெற்றோர் தரத்தைக் கேட்கின்றனர், செய்கூலியைக் கேட்கின்றனர், அன்றைய விலையைக் கேட்கின்றனர். அந்தப் பொன் எவ்வழியாக, எவர் கையால் அங்கு வந்து சேர்ந்தது என்று கேட்போர் அரிது.

வானூர்தியில் வந்திறங்கும் தங்கமும் வைரமும் நாணயத்தாளும் கடைசியில் ஒரு பாரவூர்தியில்தான் ஏறுகின்றன. 2020 டிசம்பரில் உலகமே காத்திருந்த கொரோனாத் தடுப்பு மருந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டதும் பாரவூர்திகளிலேயே. ஏற்றப்பட்டது உருளைக்கிழங்காயினும் தங்கக் கட்டியாயினும் சாரதியின் ஊதியம் மணிக்கணக்கிலோ தொலைவுக்கணக்கிலோதான் எண்ணப்படுகின்றது. சுமையின் பெறுமதி உயர்வதால் அவரது பெறுமதி உயர்வதில்லை. ஆனால் சுமை காணாமற் போகும் நாளில் முதற் கேள்வி அவரை நோக்கியே எழுகின்றது. இந்த முரண்பாட்டைப் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் சிந்திக்க வேண்டிய காரணங்கள் உண்டு. அவற்றை உணர்த்த மூன்று நிகழ்வுகள் போதுமானவை.

முதலாவது, பிரான்சின் லியோன் நகரில் 2009 நவம்பர் 5 ஆம் நாள் நிகழ்ந்தது. பணம் ஏற்றிச் செல்லும் கவச ஊர்தியின் சாரதியான தொனி முசுலின், உடன் வந்த இரு பணியாளர்கள் இறங்கிச் சென்ற வேளையில், 11.6 மில்லியன் யூரோவுடன் ஊர்தியை ஓட்டிச் சென்றார். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. சில நாட்களிலேயே பெருந்தொகை ஒரு வாகனத் தரிப்பறையில் மீட்கப்பட்டது. அவர் மொனாக்கோவில் சரணடைந்தார். ஏறத்தாழ இரண்டரை மில்லியன் யூரோ கிடைக்கவேயில்லை. முதலில் மூன்று ஆண்டுகளாக விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை, மேன்முறையீட்டில் ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இதில் கவலைக்குரியது திருட்டு மட்டுமன்று, அதற்குக் கிடைத்த கைதட்டலும்தான். இணையத்தில் அவரை நாயகனாகக் கொண்டாடும் பக்கங்கள் பெருகின. அவர் படம் பொறித்த மேற்சட்டைகள் விற்பனைக்கு வந்தன. நிதி நெருக்கடியால் வங்கிகள் மீது வெறுப்பு மண்டியிருந்த காலம் அது. பத்தாண்டு காலம் பிறர் பணத்தைச் சுமந்த ஒரு தொழிலாளியின் கசப்பைப் பலர் தம் கசப்பாகவே கண்டனர். கசப்புக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் கைதட்டியோர் எவரும் அவருடைய சிறை நாட்களைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

இரண்டாவது நிகழ்வில் சாரதி செய்த ஒரே செயல் உறங்கியதுதான். 2022 யூலையில் கலிபோர்னியாவின் சான் மத்தேயோவில் நடந்த நகைக் கண்காட்சி முடிந்தபின், வணிகர்களின் நகைப் பொதிகளை ஏற்றிய பிரிங்ஸ் நிறுவனத்தின் பாரவூர்தி தெற்கு நோக்கிப் புறப்பட்டது. யூலை 11 ஆம் நாள் அதிகாலை இரண்டு மணியளவில், லெபெக் என்னும் இடத்தில் நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில் அது நின்றது. ஒரு சாரதி ஊர்தியின் படுக்கையறையில் உறக்கத்தில் இருந்தார். மற்றவர் உணவுக்காக இறங்கிச் சென்றார். அவர் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் 27 நிமிடங்கள். அதற்குள் பூட்டு உடைக்கப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட பொதிகள் மறைந்துவிட்டன. 2025 யூனில் அமெரிக்க அரச வழக்குத்தொடுநர் எழுவர் மீது குற்றஞ்சாட்டியபோது, கண்காட்சியிலிருந்தே அந்த ஊர்தி பின்தொடரப்பட்டதாகவும், களவுபோனவற்றின் பெறுமதி ஏறக்குறைய 100 மில்லியன் டொலர் எனவும் தெரிவித்தனர்.

உறங்கியவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாரவூர்திச் சாரதி 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதன் பின் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். களைத்த கண்களுடன் ஓடும் பாரவூர்தி வழியில் செல்லும் குடும்பங்களைக் கொல்லும் என்பதனாலேயே அவ்விதி இயற்றப்பட்டது. ஆகவே அவரது உறக்கம் கடமைத் தவறன்று. கடமையின் ஒரு பகுதி. அத்தகைய சுமையை இருவர் பொறுப்பில், காவல் ஊர்தி எதுவுமின்றி இரவு நெடுஞ்சாலையில் அனுப்பலாம் என்று முடிவெடுத்தவர் அந்தப் படுக்கையில் இருக்கவில்லை.

மூன்றாவது நிகழ்வு கனடாவில், தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோப் பெருநகர்ப் பகுதியிலேயே நடந்தது. 2023 ஏப்ரல் 17 ஆம் நாள், சூரிச்சிலிருந்து பியர்சன் வானூர்தி நிலையத்துக்கு 6,600 தங்கக் கட்டிகள் வந்திறங்கின. எடை ஏறத்தாழ 400 கிலோ. பெறுமதி 20 மில்லியன் கனடிய டொலருக்கு மேல். அவற்றுடன் இரண்டரை மில்லியன் டொலர் பெறுமதியான வெளிநாட்டு நாணயமும் இருந்தது. அன்று மாலை ஐந்து தொன் பாரவூர்தி ஒன்று எயர் கனடாவின் சரக்குக் களஞ்சியத்துக்கு வந்தது. சாரதி ஒரு சரக்குச் சீட்டை நீட்டினார். முந்திய நாள் எடுத்துச் செல்லப்பட்ட கடலுணவுச் சரக்கின் சீட்டின் நகல் அது எனப் பின்னர் காவல்துறை தெரிவித்தது. அந்தத் தாளை நம்பித் தங்கம் ஏற்றப்பட்டது. உரிய காவல் நிறுவனத்தின் ஊர்தி சில மணி நேரம் கழித்து வந்தபோது எடுப்பதற்கு எதுவுமில்லை.

ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், ஒன்பது பேர் மீதான குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்டன. அவர்களுள் இருவர் அந்த விமான நிறுவனத்திலேயே பணியாற்றியவர்கள் எனக் காவல்துறை கூறியது. சாரதி ஆசனத்தில் இருந்ததாகக் கூறப்படுபவரோ இருபதுகளில் உள்ள இளைஞர். களவு நடந்து ஐந்து மாதங்களுக்குள், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சாதாரண வீதிச் சோதனையின்போது, வாடகை ஊர்தியில் 65 துப்பாக்கிகளுடன் அவர் பிடிபட்டார். அப்போது மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட தங்கமோ ஆறு கைவளையல்கள் மட்டுமே.

இவ்விரு வட அமெரிக்க நிகழ்வுகளின் பின்னரும் நீதிமன்றங்களில் எழுந்த வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. கலிபோர்னியாவில், வணிகர்கள் தாளில் எழுதிக் கொடுத்த பெறுமதி 9 மில்லியன் டொலருக்கும் குறைவே எனப் பிரிங்ஸ் நிறுவனம் வாதிட்டது. பெறுமதியை முழுமையாக எழுதினால் கட்டணம் உயரும். ஆதலால் குறைத்து எழுதுவது அவ்வணிகத்தில் வழக்கம். கனடாவில், சரக்கின் பெறுமதி தனியாக அறிவிக்கப்படாதவிடத்து வானூர்தி நிறுவனத்தின் பொறுப்பு எடையின் அடிப்படையில் மட்டுப்படும் என்னும் மொன்றியல் உடன்பாட்டின் விதியைக் காட்டி, 2025 ஆம் ஆண்டில் நீதிமன்றம் எயர் கனடாவின் பொறுப்பை ஏறத்தாழ 18,600 டொலராக வரையறுத்தது. இருபது மில்லியனுக்கு எதிரே பதினெண்ணாயிரத்து அறுநூறு! தாளில் குறைத்து எழுதப்பட்ட பொருள், இழப்பு நேரும்போது அந்தக் குறைந்த விலைக்கே மதிக்கப்படும் என்பதே இதன் பாடம்.

இப்பாடம் பொன்னுக்கு மட்டும் உரியதன்று. கனடியப் பாரவூர்தித் துறையில் சாரதிகளையும் தாளில் குறைத்து எழுதும் வழக்கம் பரவியுள்ளது. ஒரே நிறுவனத்தின் ஊர்தியை, அந்நிறுவனம் சொல்லும் நேரத்தில், அது சொல்லும் வழியில் ஓட்டும் ஒருவரை ஊழியராகப் பதியாது, அவரே ஒரு நிறுவனம் எனப் பதியச் செய்கின்றனர். கையில் கிடைக்கும் காசோலை சற்றுப் பெரிதாகத் தோன்றும். ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை. விடுமுறைக் கொடுப்பனவு இல்லை. வேலையிழந்தால் காப்புறுதி இல்லை. முதுகு முறிந்தால் இழப்பீடு இல்லை. ஊழியரை ஊழியரல்லாதவராக நடத்துவதைக் கனடியத் தொழிற்சட்டக் கோவை 2021 முதல் வெளிப்படையாகத் தடைசெய்துள்ளது. எனினும் புதிதாக நாட்டுக்கு வந்தவரும், ஆங்கிலம் தடுமாறுபவரும், குடும்பச் சுமை தாங்குபவரும் இத்தகைய தாள்களில் இன்னமும் கையொப்பமிடுகின்றனர். விபத்து நேரும் நாளிலேயே தமது பெறுமதி எவ்வளவு குறைத்து எழுதப்பட்டிருந்தது என்பதை அவர்கள் அறிகின்றனர்.

பெறுமதியைக் குறைத்து எழுதுவோர் நிறுவனத்தார் மட்டுமல்லர். பாரவூர்தி ஓட்டும் தந்தையை "வெறும் லொறிச் சாரதி" என்று விழா மண்டபங்களில் தாழ்த்திப் பேசுவோர் தமிழ்ச் சமூகத்துக்குள்ளும் உளர். பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தன் தொழிலை எழுதத் தயங்கும் தந்தையரும் உளர். பொன்னை மதித்து, அதைப் பனியிலும் இருளிலும் கொண்டுவந்து சேர்க்கும் கையை மதிக்காத சமூகம், தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றது? பொருள் பெரிது, உழைப்புச் சிறிது என்பதையே கற்பிக்கின்றது. அந்தப் பாடத்தை நன்கு கற்ற இளைஞனிடம் ஒருவர் வந்து, "ஒரே ஒரு ஓட்டம், கேள்வி கேட்காதே, ஒரு ஆண்டு உழைப்பு ஓரிரவில் கிடைக்கும்" என்று கூறும்போது, அவன் எதைக் கொண்டு மறுப்பான்?

தமிழுக்கு இது புதிய கதையன்று. சிலப்பதிகாரத்தில் விலைமதிப்பற்ற சிலம்பைக் கையில் கொண்டு மதுரை வீதியில் நடந்த கோவலன் களவாடியவன் அல்லன். களவாடியவன் அரண்மனையோடு நெருங்கிப் பழகிய பொற்கொல்லன். உள்ளிருந்தவனின் சொல் நம்பப்பட்டது. சுமந்து வந்தவன் ஆராயாமற் கொல்லப்பட்டான். பெருஞ்சாத்து வணிகனான மாசாத்துவானின் மகனுக்கே அக்கதி நேர்ந்ததெனில், பெயரும் பின்புலமும் இல்லாத ஒரு கூலிச் சாரதியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? சுமந்து செல்பவர் குற்றவாளியாக இருக்கவும் கூடும். லியோன் நிகழ்வு அதையே காட்டுகின்றது. ஆனால் ஆராய்ச்சி அவரோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுதல் நீதியாகாது.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. இத்துறையில் நுழையும் இளையோர் முறையான பயிற்சியுடன் நுழைதல் வேண்டும். ஒன்ராறியோவில் 2017 யூலை முதல், பெரும் பாரவூர்தி உரிமத்துக்கு ஆகக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது; அதைக் குறுக்குவழியில் கடக்க முயல்வது தன் உயிரோடும் பிறர் உயிரோடும் விளையாடுவதாகும். ஏற்றப்படும் சுமை எது, சீட்டில் எழுதப்பட்டிருப்பது எது, பூட்டு முத்திரையின் இலக்கம் யாது என்பதைத் தாமே சரிபார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். சீட்டும் சுமையும் பொருந்தாதவிடத்து ஊர்தியை நகர்த்த மறுப்பது சாரதியின் உரிமை மட்டுமன்று, காப்பும் ஆகும். "நீயே ஒரு நிறுவனம்" என்று கூறும் தாளில் கையொப்பமிடுமுன் சட்டம் அறிந்த ஒருவரிடம் அதைக் காட்டுதல் வேண்டும். பெற்றோரோ, பிள்ளை தேர்ந்த தொழிலுக்காக நாணுவதை விடுத்து, அத்தொழிலின் ஒப்பந்தத்தை அவனோடு அமர்ந்து வாசித்தல் வேண்டும்.

சங்ககால உமணர் உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் எனப் பழம்பாடல்கள் காட்டுகின்றன. மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று அறியாதவர் செய்துகொண்ட முன்னேற்பாடு அது. இன்றைய நெடுஞ்சாலைச் சாரதிக்கு அத்தகைய சேம அச்சு, தன் பெறுமதியை முழுமையாக எழுதிய ஒரு தாளும், அவர் உழைப்பை மதிக்கும் ஒரு வீடுமே ஆகும்.

களவுபோன தங்கத்தை உருக்கி வேறு உருவில் விற்றுவிடலாம். ஓரிரவு ஓட்டத்தில் களவுபோன ஓர் இளைஞனின் பெயரை அவ்வாறு மீண்டும் வார்க்க இயலாது. அடுத்த முறை நகைக்கடையில் நிறுவை பார்க்கும் பெற்றோர், அருகில் நிற்கும் மகனுக்கு இதையும் சொல்லித் தருவாராக.