முழங்கால் ஸ்கேன்: படமும் சிகிச்சையும் ஒன்றல்ல

சில மாதங்களுக்கு முன் கடன் சங்கம் ஒன்றில் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது நகைக் கடன் மனு ஒன்று என் பார்வைக்கு வந்தது. கடன் எதற்கு என்ற இடத்தில் 'முழங்கால் ஆபரேஷன்' என்று எழுதியிருந்தது. மனுதாரர் அறுபதை நெருங்கும் நெசவாளி. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் மிதித்தவர். அவர் சங்கத்தின் படியேறி வந்த நடையில் ஆபரேஷனுக்குரிய அவசரம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. விசாரித்தேன். உறவினர் ஒருவர் சொல்லைக் கேட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருக்கிறார். ஆங்கில அறிக்கையைப் படித்துக் காட்டிய அண்டை வீட்டுப் பையன், 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று கூறிவிட்டான். கிழிசல் என்றால் தைத்தாக வேண்டும் என்பதே நெசவாளி அறிந்தது. வைத்தியரிடம் அந்தப் படத்தை இன்னும் காட்டவே இல்லை. அதற்குள் மனைவியின் சங்கிலி சங்கத்தின் மேஜைக்கு வந்துவிட்டது.

நான் வைத்தியன் அல்லன். ஆனால் பேருந்திலிருந்து இறங்குகையில் கால் பிசகி, இதே ஸ்கேனை எடுத்துக் கொண்டவன். அந்த உரிமையில் அங்கத்தினர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில், யந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. பெரிய காந்தமும் வானொலி அலைகளுமே உடலிலுள்ள நீரையும் கொழுப்பையும் கொண்டு படத்தை உருவாக்குகின்றன. நம்மைக் கால் முன்னாக நீட்டிப் படுக்க வைத்து, முழங்காலைச் சுற்றிக் கூடு போன்ற ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் தலை குழாய்க்கு வெளியிலோ வாயிலருகிலோ இருக்கும். இருபது முதல் நாற்பது நிமிடங்கள் காலை அசைக்காமல் கிடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். வலி இல்லை, சத்தந்தான் பெரிது. விசைத்தறிக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு அதுவும் புதிதன்று. காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். முழங்காலுக்குப் பெரும்பாலும் மருந்து ஊசியும் தேவைப்படுவதில்லை.

அஞ்ச வேண்டியது உலோகத்திற்கே. அந்தக் காந்தம் பூமியின் காந்த விசையைப் போல் முப்பதாயிரம் மடங்கு வலிமை உடையது. அது ஓய்வதே இல்லை. இருதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், எலும்பில் தகடு அல்லது திருகு உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தறிப் பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. மெட்டி, கொலுசு, அரைஞாண், தாயத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் சகோதரிகள் அன்றைக்கு மஞ்சள் கயிறு மட்டும் அணிந்து செல்லலாம். நம் தொழிலைச் சேர்ந்த ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஜரிகைப் புடவையோ ஜரிகை வேட்டியோ உடுத்திப் படுக்கலாகாது. ஜரிகையும் உலோகமே, யந்திரத்தினுள் சூடேறித் தோலைச் சுடக்கூடும். அங்கே தரும் பருத்தி அங்கியே உத்தமம்.

இனி அறிக்கை. அதில் எழுதியிருப்பதெல்லாம் நோய் என்று கொள்வதுதான் பெரும் பிழை. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் ஐம்பது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள 991 பேரை, வலி உண்டா இல்லையா என்று பாராமல் தெரிந்தெடுத்து, முழங்காலைப் படமெடுத்தார்கள். முடிவு 2008-இல் வெளியாயிற்று. 'மெனிஸ்கஸ்' என்னும் பிறை வடிவ ஜவ்வில் கிழிசல் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இருந்ததில்லை! நரைத்த தலையைப் போல அதுவும் வயதின் அடையாளமாக இருக்கக்கூடும். பின்லாந்தில் இத்தகைய தேய்மானக் கிழிசலுள்ள 146 பேரில் ஒரு பாதியினருக்கு ஜவ்வைச் சீவும் சிகிச்சை செய்தார்கள். மறு பாதியினருக்குச் செய்தது போல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு சென்று பார்க்கையில் இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று 2013-இல் அறிவித்தார்கள்.

இதனால் ஸ்கேனே வீண் என்பது என் அபிப்பிராயமன்று. கால் திருகி விழுந்து சில மணி நேரத்திலேயே வீங்கினாலும், முழங்கால் நடுவில் பூட்டிக் கொண்டு நீட்ட முடியாமற் போனாலும், நடக்கையில் கால் நழுவிக் கைவிட்டாலும் வைத்தியர் இதைக் கேட்பார், தாமதிக்கலாகாது. என் கால் அவ்வகையானது. ஆண்டுக்கணக்காக மெல்ல ஏறிய வலிக்கோ, கையால் சோதித்தலும் நின்றபடி எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயும் பெரும்பாலும் போதும். எதை எடுப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். உறவினரும் தரகரும் வேண்டா. ஸ்கேன் தேவையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். படத்தையும் அறிக்கையையும் சேர்த்து, அனுப்பிய வைத்தியரிடமே திரும்பக் கொண்டு செல்லுங்கள்.

அந்த மனுவை நிராகரிக்க எனக்கு அதிகாரமில்லை. அடகு ஒழுங்காகவே இருந்தது. ஒரு வாரம் பொறுத்து, அரசு மருத்துவமனையில் காட்டி வரும்படி மட்டும் கேட்டுக் கொண்டேன். சென்றிருக்கிறார். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். சங்கிலி தற்சமயம் அந்த அம்மாளின் கழுத்திலேயே இருக்கிறது.