பிழைத்துக்கொண்ட ஹீரோவும் பறிபோன உழைப்பும்

தனுஷ் நடித்து 2013-ல் வந்த இந்திப் படம் 'ராஞ்சனா'. தமிழில் 'அம்பிகாபதி'. கடைசியில் ஹீரோ இறந்துபோவார். 12 வருடம் கழித்து, 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி அதே படம் தமிழில் மறுபடி ரிலீஸ் ஆனது. இந்த முறை ஹீரோ பிழைத்துக்கொண்டார்! க்ளைமாக்ஸை மாற்றியது ஏ.ஐ. எனும் செயற்கை நுண்ணறிவு.

இயக்குநர் ஆனந்த் எல்.ராய் கொதித்தார். படத்தின் ஆன்மாவே போய்விட்டதாக தனுஷ் வருந்தினார். ஆனால் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்தது. மாற்றிய படம் தியேட்டரில் ஓடியது. புகழ்பெற்ற நட்சத்திரத்துக்கே இந்தக் கதி என்றால், டப்பிங் கலைஞருக்கும் துணை நடிகருக்கும் யார் இருக்கிறார்கள்?

இந்த ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்கள் ஹாலிவுட் தொழிலாளர்கள். 2023 மே 2-ம் தேதி சுமார் 11,500 எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு சங்கங்களும் ஒரே சமயத்தில் ஸ்டிரைக் செய்தது 1960-க்குப் பிறகு அதுவே முதல் முறை. எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள்.

சம்பளம், ஓ.டி.டி. பங்கு ஆகியவற்றோடு ஏ.ஐ.யும் முக்கியக் கோரிக்கை. 'ஏ.ஐ.யே கூடாது' என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. 'எங்களைக் கேட்காமல் கூடாது' என்றார்கள். அதில் ஜெயித்தார்கள்.

ஏ.ஐ.யை எழுத்தாளர் என்று டைட்டிலில் போட முடியாது. ஏ.ஐ. எழுதியதைத் திருத்தக் கொடுத்தால், அதை மறைக்கக் கூடாது. ஏ.ஐ.யைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. நடிகரின் உருவத்தை கம்ப்யூட்டரில் நகலெடுத்துப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும், கூலியும் உண்டு. கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகருக்கும் சம்மதம் கேட்டாக வேண்டும்.

சினிமாவோடு முடிகிற விஷயம் இல்லை இது. கால் சென்டரில் பேசும் பெண்ணின் குரல், ஆன்லைன் வகுப்பெடுக்கும் ஆசிரியரின் முகம், டிசைனர் வரைந்த படம்... எல்லாமே நாளை ஏ.ஐ.க்குத் தீனியாகலாம். வேலைக்குச் சேரும் மகனோ மகளோ ஆஃபர் லெட்டரை நீட்டும்போது, வீட்டில் உள்ளவர்கள் சம்பளக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவது வழக்கம். இனிமேல் இன்னொரு வரியையும் தேடிப் பார்க்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் தன் குரலும் முகமும் படைப்பும் அங்கே உழைத்துக்கொண்டிருக்குமா? உழைத்தால், கூலி யாருக்கு?

கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. போட்ட பிறகு கேட்டால், தனுஷைப் போல வருந்தத்தான் முடியும்.