சட்டம் இருக்கு... சொல்லத்தான் ஆளில்லை!



போலீஸ் அநியாயமாக அடித்தால் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? நம் ஹாஸ்டலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் "கோர்ட்டுக்கு" என்பான். இன்னொருத்தன் "டி.வி.காரங்ககிட்ட" என்பான். பாக்கிப் பேர் "நமக்கெதுக்குடா வம்பு" என்று எழுந்து மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். காவல் புகார் ஆணையம் என்று ஒன்று சட்டத்தில் இருப்பதாகச் சொல்ல ஒருத்தன் கிடைக்க மாட்டான்.

இத்தனைக்கும் இது நேற்று முளைத்த விஷயமில்லை. பிரகாஷ் சிங் என்ற ஓய்வு பெற்ற போலீஸ் டி.ஜி.பி.யே 1996-ல் வழக்குப் போட்டார். பத்து வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 22-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போலீஸ் மீது வரும் புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என ஆணையம் வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். லாக்கப் சாவு, கொடுங்காயம் முதல் பணம் பறிப்பது, நிலம் பிடுங்குவது வரை விசாரிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-ல் சட்டமும் வந்தது. ஆனால் நீதிபதியின் நாற்காலியில் கலெக்டர்! கூடவே எஸ்.பி.யும் உறுப்பினர். மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாமியார் மேல் உள்ள குறையை மாமனாரிடம் சொல்வது போல! இதை மாற்ற வேண்டும் என்று பெரிய பெரிய வக்கீல்களே பேசுகிறார்கள். நான் பேச வந்தது வேறு. நல்ல ஆணையமே அமைந்தாலும் அது இருப்பது யாருக்குத் தெரியும்? தெரியப்படுத்த யார் பணம் ஒதுக்கினார்கள்?

எங்கள் சித்தப்பாவை ஒரு வண்டிச் சோதனையில் நிறுத்தினார்கள். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. "என்ன சார் தப்பு?" என்று கேட்டதற்குக் கன்னத்தில் ஓர் அறை. எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை, அவர் இன்னும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகணும். அந்த அறையை ஓர் ஆணையம் விசாரிக்குமா, விசாரிக்காதா? அது அப்புறம். கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாதே! ஊமை கண்ட கனவு மாதிரி சித்தப்பா அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

உச்சநீதிமன்றத்துக்கு இது தெரியாமலில்லை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய 11 விதிகளைச் சொன்னது. சொன்னதோடு விடவில்லை. ஸ்டேஷனில் எழுதி மாட்டுங்கள், ரேடியோவில் சொல்லுங்கள், தூர்தர்ஷனில் காட்டுங்கள், அந்தந்த ஊர் மொழியில் நோட்டீஸ் அடித்துக் கொடுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்ததுண்டா? சினிமா நோட்டீஸ் வரும், சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் வரும்...

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்பதால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகப் பிடித்துப் போன அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் செத்துப் போனார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங்! நம் லேபில் முதல் வருஷப் பையன்கூட மாற்றி வைக்கக்கூடிய செட்டிங் அது. உள்ளே நடந்ததைச் சொன்னது மெஷின் இல்லை, அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

அதே வருஷம் டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், மனித உரிமை மீறல் நடந்தால் எங்கே புகார் செய்யலாம் என்று வாசலிலும் உள்ளேயும் வட்டார மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்லதுதான். ஆனால் போலீசிடம் அடி வாங்கினவன் அந்தப் போர்டைப் படிக்கத் திரும்பவும் ஸ்டேஷனுக்கே போகணுமாம்!

"போலீஸ்தான் மக்களிடம் பழகுகிறதே, வாலிபால் மேட்ச்கூட நடத்துகிறதே" என்று சீனியர் ஒருவர் வாதம் செய்தார். நடத்தட்டும், நானும் ஆடியிருக்கிறேன். அது போலீஸ் தன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்வது. 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பும் அந்த வழிதான். 2020 ஜூலையில் அரசே அதற்குத் தடை போட்டது. நான் கேட்பது போலீசுக்கு நண்பர்களை அல்ல, போலீசைக் கேள்வி கேட்கிற இடத்துக்கு வழி சொல்லும் ஆட்களை. அந்தப் பணம் போலீஸ் கஜானா வழியாக வரக்கூடாது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியூயார்க்கில் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் பொதுமக்கள் வாரியம் ஒன்று இருக்கிறது. 2019-ல் அந்த நகர மக்கள் ஓட்டுப் போட்டு, ஆயிரம் போலீசுக்கு ஆறரை ஆள் கணக்கில் வாரியத்துக்கு ஊழியர் வைக்கப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் செய்தார்கள். பள்ளிக்கூடம், லைப்ரரி என்று போய்ப் பேசவே அங்கே தனியாக ஆட்கள் உண்டு. அவ்வளவு நம்மால் முடியாது, சரி. ஆனால் சட்டப்பணிகள் ஆணைக்குழு நம்மிடமும் மாவட்டந்தோறும் இருக்கிறது. முகாம் போடுகிறது, தொண்டர்களை வைத்திருக்கிறது, 15100 என்று இலவச போன் நம்பரும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு தொகை கொடுத்து, "போலீஸ் மேல் புகார் இருந்தால் இங்கே வா" என்பதையும் ஊர் ஊராகச் சொல்லச் செய்தால் என்ன?

அரசு கொடுக்கும்வரை காத்திருக்கணும் என்றும் இல்லை. இந்த மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறியவர்கள் நாம். இந்த வருஷ என்.எஸ்.எஸ். முகாமில் வழக்கம்போல மரக்கன்று நடுவோம், ரோடு கூட்டுவோம். கூடவே பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சுவரைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கி, அந்த 11 விதிகளையும் 15100-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வரலாம். சிவில் பிரிவு நண்பர்களுக்கு அளவு போட்டுக் கோடு இழுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயின்ட் செலவை யூனியன் ஏற்குமா என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.